மூளைப் புயலும் இரண்டு காகிதக் கண்களும்

போன வருஷம் எங்க ஆபீஸ் கண்ணாடிச் சுவத்துல 71 மஞ்சச் சீட்டு ஒட்டினோம். எண்ணினது நான்தான். ஒட்டச் சொன்னதும் நான்தான். ஒன்றரை மணி நேரம், ஒன்பது பேர், ரெண்டு ரவுண்டு காபி, ஒரு தட்டு முறுக்கு. எல்லாம் முடிஞ்சு வெளிய வரும்போது "சூப்பர் மீட்டிங்குப்பா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 71-ல் ஒன்றுகூட கடைசியில் உபயோகப்படவில்லை என்பது வேற விஷயம் :-)

பிரச்சினை என்னன்னா, பால் சொசைட்டிகளுக்கான ஒரு மென்பொருள். காலையில ஊர் ஜனம் தூக்குப்போசியோட வரிசையில நிற்கும். பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, விலை போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடணும். திரையில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை, தீவனக் கடனுக்குப் பிடித்தது, மீதி எவ்வளவு என்று எல்லாம் தெரியணும் என்றார்கள் பாலூத்துகிறவர்கள். எல்லாத்தையும் காட்டினால் ஆளாளுக்கு நின்னு படிச்சு, சந்தேகம் கேட்டு, வரிசை நகரமாட்டேங்குது என்றார்கள் சொசைட்டிக்காரர்கள். எல்லாம் தெரியணும், எதுவும் தாமதப்படுத்தக் கூடாது. அந்தத் திரையை எப்படி வடிவமைப்பது? இதுக்குத்தான் 71 சீட்டு. எழுத்தைப் பெருசாக்கு, கலர் கலராப் பிரி, ரெண்டு திரை வை, மேலேருந்து கீழே ஓடவிடு... இப்படியே.

மறுநாள் சாயங்காலம் கீழே டீக்கடையில், எங்க டீமில் டெஸ்டிங் பார்க்கும் பெண் சர்வசாதாரணமாக ஒன்று சொன்னாள். ஈரோட்டுப் பக்கம் கிராமம், வீட்டில் ரெண்டு எருமை.

"எங்கம்மா வரிசைல நின்னு ஸ்கிரீனெல்லாம் படிக்க மாட்டாங்கண்ணா. லிட்டர் சரியா விழுந்துச்சான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. கொழுப்பு, பிடித்தம் இதெல்லாம் வூட்டுக்கு வந்து, பத்து நாள் சீட்டையும் பரப்பி வெச்சுப் பார்த்துட்டுத்தான் சண்டைக்குப் போவாங்க."

எனக்கு டீ புரையேறிவிட்டது. வரிசையில் ஒரே ஒரு எண், பெருசா. மத்ததெல்லாம் அப்புறம், கையில். அவ்வளவுதான் விடை!

"ஏம்மா, இதை நேத்து மீட்டிங்ல சொல்லல?"

"சொல்ல வந்தேனுங்கண்ணா. அதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

கோபமாச் சொல்லியிருந்தாக்கூட பரவாயில்லை. சும்மா தகவல் மாதிரி சொன்னாள். அதுதான் குத்தியது. "யாரும் குறை சொல்லக் கூடாது, எல்லாரும் பேசலாம்" என்று போர்டில் விதி எழுதிப் போட்டு நடத்தின மீட்டிங் அது. விடை தெரிஞ்ச ஒரே ஆள் அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். தப்பு என்னுடையதா, விதியுடையதா? இந்த விதியெல்லாம் எங்கேருந்து வந்தது? பொட்டி தட்டுற நேரம் போக ராத்திரிகளில் தேடிப் படித்தேன். நான் நினைச்சதை விட ரொம்ப சுவாரசியமான கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா.

*

விளம்பரக்காரர்

அலெக்ஸ் ஆஸ்பார்ன். 1888-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பஃபலோ நகரத்தில் பத்திரிகை நிருபராக இருந்துவிட்டு விளம்பரத் துறைக்கு வந்தவர். 1919-ல் புரூஸ் பார்ட்டன், ராய் டர்ஸ்டைன் இருவரோடும் சேர்ந்து ஒரு விளம்பர நிறுவனம் ஆரம்பித்தார். 1928-ல் அது ஜார்ஜ் பேட்டன் நிறுவனத்தோடு இணைந்து, நாலு பேர் பேரின் முதலெழுத்தும் சேர்ந்து பி.பி.டி.ஓ. ஆனது. இன்னிக்கும் இருக்கிற நிறுவனம்தான்.

1930களின் கடைசியில் அந்த நிறுவனம் தள்ளாடியது. வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். டர்ஸ்டைன் விலகினார். ஆஸ்பார்ன் பொறுப்பை எடுத்துக்கொண்ட 1939-ம் வருஷத்தை ஒட்டித்தான் இந்தக் கூட்டு யோசனைக் கூட்டங்களை அவர் தொடங்கினார். கூட்டத்தில் ஒருத்தர் ஏதாவது சொன்னதுமே இன்னொருத்தர் "அது நடக்காது" என்று தலையில் தட்டிவிடுகிறார், அதனாலதான் புது யோசனையே வருவதில்லை என்பது அவர் கட்சி. நாலு விதி போட்டார்:

1. விமர்சனம் கூடாது, தீர்ப்பெல்லாம் அப்புறம்.
2. எவ்வளவு கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லலாம்.
3. எண்ணிக்கை முக்கியம், நிறைய வேணும்.
4. அடுத்தவர் சொன்னதோடு ஒட்டுப் போட்டு வளர்க்கலாம்.

1948-ல் 'யுவர் கிரியேட்டிவ் பவர்', 1953-ல் 'அப்ளைடு இமாஜினேஷன்' என்று புத்தகங்கள் எழுதி இதை ஊரெல்லாம் பரப்பினார். 'பிரெயின்ஸ்டார்மிங்' என்ற சொல் உலகம் முழுக்கப் போனது இப்படித்தான். நாம இதை 'மூளைப் புயல்' என்று மொழிபெயர்க்கிறோம் இல்லியா? ஆஸ்பார்ன் சொன்ன 'ஸ்டார்ம்' புயலே இல்லை. ராணுவம் ஒரு கோட்டைமேல் பாய்ந்து தாக்குமே, அந்த 'ஸ்டார்ம்'. கமாண்டோக்கள் மாதிரி எல்லாரும் ஒரே இலக்கை ஒரே சமயத்தில் தாக்கணும் என்றுதான் அவரே விளக்குகிறார். புயலுக்கு இலக்கு கிடையாது, அது பாட்டுக்கு அடிக்கும். நான் நடத்தினது அசல் தமிழ் மூளைப் புயல்!

அந்தப் புத்தகத்தில் நம்ம ஊருக்கும் ஒரு வரவு உண்டு. இந்தியாவில் இந்து ஆசிரியர்கள் 400 வருஷத்துக்கும் மேலாக இதே மாதிரி ஒரு முறையைப் பயன்படுத்தி வந்தார்கள், அதன் பெயர் 'பராய் பர்ஷணா', 'உனக்கு வெளியே கேள்வி' என்று அர்த்தம் என்கிறார் ஆஸ்பார்ன். அந்தப் பேரைப் பார்த்தால் 'ப்ரச்ன' என்கிற வடமொழிச் சொல் கப்பலில் போகும்போது அடிபட்டு நசுங்கின மாதிரி இருக்கிறது. விளம்பரக்காரர் சொன்ன வரலாறு, கொஞ்சம் உப்பு தொட்டே சாப்பிடுவோம். ஆனா நம்ம ஊர் மேனேஜ்மெண்ட் பயிற்சிகளில் இதை அப்படியே ஸ்லைடில் போட்டு "நம்ம முன்னோர்கள் அன்றே..." என்று ஆரம்பிப்பார்கள், ஜாக்கிரதை.

*

எண்ணிப் பார்த்தவர்கள்

ஆஸ்பார்ன் சொன்னதை உளவியல்காரர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. சோதித்துப் பார்த்தார்கள்.

1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லர், பால் பெர்ரி, கிளிஃபோர்ட் பிளாக் மூவரும் 96 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். 48 பேரை நாலு நாலு பேராக 12 குழுக்களாக்கினார்கள். மீதி 48 பேர் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தார்கள். எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே கேள்விகள். ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை அமெரிக்காவுக்கு எப்படி இன்னும் நிறைய வரவைக்கலாம் என்பது ஒரு கேள்வி. இனிமேல் பிறக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கையிலும் இன்னொரு கட்டைவிரல் இருந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று.

இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் பண்ணினார்கள். தனியாக யோசித்தவர்களை அப்புறமாகக் காகிதத்தில் மட்டும் நாலு நாலு பேராகச் சேர்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத பேரளவுக் குழு. திரும்பத் திரும்ப வந்த யோசனைகளைக் கழித்துவிட்டு எண்ணினார்கள். பேரளவுக் குழுக்களிடம் நிஜக் குழுக்களை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை இருந்தது. தரத்திலும் நிஜக் குழு முந்தவில்லை.

மாணவர்கள்தானே, முன்னப் பின்னத் தெரியாதவர்கள்தானே என்று சொல்லலாம். 1963-ல் மார்வின் டன்னெட்டும் கூட்டாளிகளும் 3எம் நிறுவனத்திலேயே போய்ச் சோதித்தார்கள். ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் 48 ஆராய்ச்சியாளர்கள், 48 விளம்பரப் பிரிவு ஆட்கள். மொத்தம் 24 குழு. அதில் 23-ல் தனியாக யோசித்தபோதுதான் நிறைய வந்தது. விளம்பரக்காரர் கண்டுபிடித்த முறை விளம்பரக்காரர்களிடமே பலிக்கவில்லை!

ஏன் இப்படி? கூட்டத்தில் சிலர் ஓபி அடிக்கிறார்களா? அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற பயமா? இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டீலும் வோல்ஃப்காங் ஷ்ட்ரோபேயும். 1987-ல் வெளியான ஆய்வு. ஓபியும் பயமும் கொஞ்சம் பாதிக்கத்தான் செய்தன. ஆனால் பெரிய குற்றவாளி வேற. கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். அவ்வளவுதான்!

அதை அவர்கள் நிரூபித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆட்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே விளக்குகள். வேறு அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் விளக்கு எரியும், அப்போது நீங்கள் பேசக் கூடாது. முறைக்கிற முகம் இல்லை. ஒருவர் குரல்கூட இன்னொருவருக்குக் கேட்காத மாதிரியும் வைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் யோசனைகள் நிஜக் கூட்டத்தின் அளவுக்கே சரிந்துவிட்டன. காத்திருக்கும்போது சொல்ல வந்தது மறந்துபோகிறது. இல்லாவிட்டால் "இனிமே இதுக்கு என்ன" என்று நாமே முழுங்கிவிடுகிறோம். இல்லாவிட்டால் மறக்காமல் இருக்கணுமே என்று அதையே பிடித்துக்கொண்டிருப்பதால் அடுத்தது தோன்றுவதில்லை.

"சொல்ல வந்தேனுங்கண்ணா. அதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிட்டீங்க." ஒரு முழு ஆய்வுக் கட்டுரையை அந்தப் பொண்ணு டீக்கடையில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் ஏன் இது இன்னமும் நடக்கிறது? அதே ஷ்ட்ரோபேயும் டீலும் இன்னொருவரோடு சேர்ந்து 1992-ல் அதையும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தாங்கள் நிறையச் சாதித்த மாதிரி ஒரு மயக்கம் வருகிறது. அடுத்தவர் சொன்னதையும் "எனக்கும் தோணிச்சே" என்று நம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். "சூப்பர் மீட்டிங்குப்பா" என்று நான் சொல்லிக்கொண்டேனே, அதுதான் இது.

ஆஸ்பார்னுக்கும் நியாயம் செய்யணும். கூட்டம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவே இல்லை. தனி யோசனை, கூட்டு யோசனை, மறுபடி தனி யோசனை என்று மாறி மாறிப் போகணும் என்பதுதான் அவர் எழுதியது. கேள்வியை முன்கூட்டியே அனுப்பணும், ஒரே ஒரு குறுகலான கேள்வியா இருக்கணும் என்றும் சொல்லியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்காகவே ஒரு கேள்விப் பட்டியலும் வைத்திருந்தார்: இதைப் பெரிதாக்கினால்? சின்னதாக்கினால்? தலைகீழாக்கினால்? வேறொன்றை இதுக்குப் பதிலா வைத்தால்? ரெண்டைச் சேர்த்தால்? (1971-ல் பாப் எபர்லே இதைச் சுருக்கி 'ஸ்கேம்பர்' என்று பேர் வைத்தார். நம்மில் பலர் ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கொட்டாவி விட்டபடி கேட்டிருப்போம்.) இதையெல்லாம் விட்டுவிட்டு உலகம் எடுத்துக்கொண்டது கூட்டத்தையும் முறுக்கையும் மட்டும்.

*

கடிதம் எழுதியவர்

ஆஸ்பார்ன் கதையோடு நிறுத்தியிருந்தால் "தனியா யோசி" என்பதோடு என் பாடம் முடிந்திருக்கும். ஆனால் அதே சமயத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில், இதே கேள்வியை நேர் எதிர்ப்பக்கமாகப் பிடித்த ஒருத்தர் இருந்தார். நியூயார்க்கில் 'யுவர் கிரியேட்டிவ் பவர்' வெளியான அதே 1948-ல், டிசம்பர் மாசம், காஸ்பியன் கடலோர பாக்கு நகரத்திலிருந்து (இன்றைய அசர்பைஜானின் தலைநகரம்) ஒரு கடிதம் போனது. பெறுநர்: தோழர் ஸ்டாலின்.

எழுதியவர் கென்ரிக் அல்ட்ஷுல்லர், வயசு 22. கூட எழுதியவர் அவருடைய நண்பர் ரஃபேல் ஷாப்பிரோ. அல்ட்ஷுல்லர் 1926-ல் தாஷ்கண்டில் பிறந்து பாக்குவில் வளர்ந்தவர். காஸ்பியன் கடற்படைப் பிரிவில், கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கும் அலுவலகத்தில் வேலை. கண்டுபிடிப்பாளர்கள் வந்து "நான் சிக்கிக்கொண்டேன், உதவி செய்யுங்கள்" என்பார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தரும் புத்தகம் ஏதாவது உண்டா என்று தேடினார். உளவியல் புத்தகங்களில் ஞானோதயம், உள்ளுணர்வு, அதிர்ஷ்டம் என்று இருந்ததே தவிர, செய்முறை இல்லை. சரி, கண்டுபிடித்தவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் கண்டுபிடித்த பொருளைப் பார்ப்போம் என்று காப்புரிமை ஆவணங்களைப் படிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடிதத்தில், நம் நாட்டில் கண்டுபிடிப்புத் துறை குழப்பமாகக் கிடக்கிறது, கண்டுபிடிக்கும் கலையை முறையாகக் கற்றுத்தர முடியும், எங்களிடம் வழி இருக்கிறது என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். ஸ்டாலினுக்கு! 1950-ல் ரெண்டு பேரும் கைது. தண்டனை 25 வருஷம்.

விசாரணைச் சிறையில் நடந்ததாக அவர் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க விசாரணை. பகலில் தூங்கக் கூடாது. கதவு ஓட்டை வழியாகக் காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார். கண் மூடியிருந்தால் போச்சு. இப்படியே சில நாள் போனால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்பது அவருக்குப் புரிந்தது. பிரச்சினையை இப்படி வைத்தார்: தூங்குவதற்குக் கண் மூடியிருக்கணும். காவலருக்குக் கண் திறந்திருக்கணும். ஒரே கண், ஒரே நேரம், மூடியும் இருக்கணும் திறந்தும் இருக்கணும்.

சிகரெட் டப்பாவிலிருந்து ரெண்டு துண்டு கிழித்தார். எரிந்த தீக்குச்சிக் கரியால் அதில் கண்மணி வரைந்தார். கூட அடைபட்டிருந்தவர் எச்சில் தொட்டு அவற்றை அவருடைய மூடின இமைமேல் ஒட்டினார். ஓட்டைக்கு எதிரே, 'கண்ணைத் திறந்தபடி', உட்கார்ந்து தூங்கினார். தினமும் இவ்வளவு தெம்பாக எப்படி வருகிறான் என்று விசாரணை அதிகாரிக்கு ஆச்சரியமாம்.

இங்கே நாலு விதியும் இல்லை, மஞ்சச் சீட்டும் இல்லை. 71 யோசனையும் தேவைப்படவில்லை. முரண்பாட்டை அப்பட்டமாகச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் அங்கேயே நின்றார். கண்ணை ஓட்டையிலிருந்து பார்க்கும் பக்கம், உள்ளே இருக்கும் பக்கம் என்று பிரித்ததும் விடை வந்துவிட்டது.

அப்புறம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, வோர்குட்டா நிலக்கரிச் சுரங்க முகாம். ஸ்டாலின் 1953-ல் இறந்தார். 1954-ல் அல்ட்ஷுல்லர் விடுதலை ஆனார். 1956-ல் அவரும் ஷாப்பிரோவும் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை சோவியத் உளவியல் இதழ் ஒன்றில் வந்தது. அதில் முளைத்ததுதான் 'ட்ரிஸ்'. கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்க்கும் கோட்பாடு என்பதன் ரஷ்ய முதலெழுத்துகள். நடுவில் ஜி. ஆல்டோவ் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதைகள் எழுதினார். சிறுவர் பத்திரிகையில் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிப்புப் புதிர்கள் போட்டார். 1998-ல் காலமானார்.

*

முரண்பாடு என்ற ஆணி

ட்ரிஸ்ஸின் அடிப்படை ரொம்ப எளிமை. பல ஆயிரம் காப்புரிமைகளைப் படித்ததில் அல்ட்ஷுல்லர் பார்த்தது இதுதான்: நல்ல கண்டுபிடிப்பு எதுவும் சமரசம் இல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கெடும் என்ற இடத்தில், ரெண்டும் கெடாமல் தாண்டியதுதான் கண்டுபிடிப்பு. அதைத் தாண்டிய விதங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன, துறை மட்டும்தான் மாறுகிறது.

அவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம் குடைமிளகாய். உள்ளே இருக்கும் விதைக் கொத்தை எடுக்கணும். மூடின கலத்தில் போட்டு அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, சடாரென்று இறக்கினால், காம்போடு விதை வெளியே தெறித்துவிடும். சூரியகாந்தி விதையின் உமியை நீக்கவும் இதே வழி. வைரத்தை அதன் நுண் விரிசல்களின் வழியாகவே பிளக்கவும் இதே வழி. சோளப்பொரி வெடிப்பதும் கிட்டத்தட்ட இதேதான். வைரக்காரருக்கு மிளகாய்க்காரரைத் தெரிந்திருந்தால் எவ்வளவு காலம் மிச்சம்!

இப்படித் தொகுத்ததில் 40 வழிகள் தேறின. நாம் தினமும் ஆணி புடுங்கும்போது பயன்படுத்துவதே அதில் நிறைய இருக்கிறது. 10-வது வழி 'முன்கூட்டியே செய்து வை': பக்கத்தைப் பயனர் கேட்கும் முன்பே இறக்கி வைக்கிறோமே, அது. 24-வது 'நடுவில் ஒரு தரகரை வை': ரெண்டு சர்வருக்கு நடுவே மெசேஜ் க்யூ. 26-வது 'நகலைப் பயன்படுத்து': கேஷ். 13-வது 'தலைகீழாகச் செய்': ஆஸ்பார்ன் பட்டியலிலும் இருக்கிற அதே ஆள்.

இதை விடக் கூர்மையானது, ஒரே பொருள் ரெண்டு விதமாகவும் இருக்கணும் என்ற முரண்பாட்டுக்கு அவர்கள் கேட்கும் கேள்விகள். ரெண்டு தேவையும் ஒரே நேரத்தில் வேணுமா? ஒரே இடத்தில் வேணுமா? எல்லா நிலைமையிலும் வேணுமா? விமானத்துக்குச் சக்கரம் இருக்கணும், இருக்கக் கூடாது. இறங்கும்போது இருக்கணும், பறக்கும்போது கூடாது. நேரத்தால் பிரித்தால் மடக்கும் சக்கரம் வந்துவிடுகிறது.

இப்போ பால் சொசைட்டிக்கு வாங்க. எல்லா விவரமும் தெரியணும், எதுவும் தெரியக் கூடாது. எப்போ தெரியணும்? எப்போ கூடாது? எங்க டீமில் ஒருத்தர்கூட இந்த 'எப்போ'வைக் கேட்கவில்லை. 71 சீட்டும் ஒரே திரைக்குள், ஒரே நொடிக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. பறக்கிற விமானத்தின் சக்கரத்துக்கு எந்தக் கலர் அடிக்கலாம் என்று ஒன்பது பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறோம்.

பிரெயின்ஸ்டார்மிங் என்பது குருட்டாம்போக்கில் முட்டிப் பார்ப்பதைத்தான் கொஞ்சம் வேகப்படுத்துகிறது என்று அல்ட்ஷுல்லர் தன் புத்தகங்களில் விமர்சித்திருக்கிறார். முழுசா ஒத்துக்கொள்ள முடியாவிட்டாலும், அன்னிக்கு என் சுவத்துக்கு அது பொருந்தும்.

அதுக்காக ட்ரிஸ் ஒரு சர்வரோக நிவாரணி என்று ஜல்லியடிக்க மாட்டேன். அதன் புகழ்பெற்ற முரண்பாட்டு அட்டவணை 39 குணங்களை நெட்டிலும் குறுக்கிலும் வைத்துக் கட்டியது. எடை, நீளம், வெப்பம், அழுத்தம் என்று பெரும்பாலும் இயந்திர உலகத்துக் குணங்கள். மென்பொருளை அதில் நுழைப்பதற்குள் நுரை தள்ளிவிடும். அதைவிட முக்கியமான குறை ஒன்று. முரண்பாட்டைச் சரியாகச் சொன்னால் ட்ரிஸ் உதவும். ஆனால் அதைச் சரியாகச் சொல்லுவதற்கு அந்த வரிசையில் நின்ற அனுபவம் யாருக்காவது வேணும். பாலூத்துகிற அம்மா வீட்டில் சீட்டைப் பரப்பிக் கணக்குப் பார்ப்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

எனக்கு இந்த வரலாறு கடைசியில் சொன்னது இதுதான். யோசனை வரவழைக்கும் உத்தி என்று நாம் கற்றுக்கொள்வதில் பாதி, சரியான முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது. மீதிப் பாதி, அந்த முரண்பாடு யாருக்குத் தெரியுமோ அவர் வாயைத் திறக்கும்வரை நாம் நம் வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் பாதிக்குத்தான் 40 வழி இருக்கிறது.

*

இப்போ என்ன பண்றோம்

1960களின் கடைசியில் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் '6-3-5' என்று ஒரு முறை சொன்னார். 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிஷம். பேச்சே கிடையாது, எழுத்து மட்டும். 5 நிமிஷம் ஆனதும் தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ளணும். அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே தன் மூன்றை எழுதணும். ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 யோசனை. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அதையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறோம். தாளின் தலைப்பில் பிரச்சினைக்குப் பதிலா முரண்பாட்டை எழுதுகிறோம்: "இது வேணும், ஏன்னா... இதுவே கூடாது, ஏன்னா..." முதல் சுற்றில் யோசனையே கிடையாது, அந்த ரெண்டு 'ஏன்னா'வை மட்டும் நிரப்பணும். கேள்வி முந்தின நாளே எல்லாருக்கும் போய்விடும். முறுக்கு மட்டும் தொடர்கிறது.

முதல் தடவை தாள் சுற்றி வந்தபோது அந்தப் பெண்ணின் கையெழுத்தில் ஒரு பக்கம் நிறைய இருந்தது. எங்களில் மூணு பேரு அதுக்குக் கீழே எழுத ஒன்றும் தோன்றாமல் திருதிருவென்று விழித்தோம். நான் உட்பட.

பால் திரை என்ன ஆச்சு? வரிசையில் இப்போ லிட்டர் மட்டும், தூரத்திலேருந்து தெரிகிற சைஸில். மத்த விவரம் போனுக்கு எஸ்.எம்.எஸ். இதோடு முடிச்சிரலாம் என்று நாங்கள் நினைத்தோம். முதலில் போட்டுப் பார்த்த சொசைட்டியில் ரெண்டே நாளில் பாட்டிமார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். போன் மகன்கிட்ட இருக்கு, மகன் திருப்பூர்ல இருக்கான், என் கணக்கு எனக்கு எங்கே என்று. அச்சடித்த சீட்டு திரும்ப வந்தது. அதையும் டீக்கடையிலேயே அந்தப் பொண்ணு சொல்லியிருந்தாள், "பத்து நாள் சீட்டைப் பரப்பி வெச்சு" என்று. நான் 'பத்து நாள்' என்பதைக் கேட்டேன். 'சீட்டு' என்பது காதில் விழவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்கண்ணா, விடுங்க" என்றாள். அன்னிக்கு டீக்குக் காசு அவள்தான் கொடுத்தாள் என்பதும் இப்போ ஞாபகம் வருகிறது. அந்தக் கடன் இன்னும் பாக்கி.

உங்க ஆபீஸ் சுவத்துலயும் மஞ்சச் சீட்டு இருக்கும். அடுத்த தடவை எத்தனை ஒட்டியிருக்கு என்று எண்ணாதீங்க. யார் கையெழுத்து அதில் இல்லை என்று பாருங்க.

வரட்டா?